மூன்று சின்னக் கோடாலிகள்

கோடாலி கட்டைக்குள் மாட்டிக்கொண்டது. அன்று காலையில் அது மூன்றாவது முறை.

பதுளையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம். இரவு பெய்த மழையில் மண் சொதசொதவென்று கிடந்தது. என் பழைய சட்டையை நைட்டிக்கு மேலே மாட்டிக்கொண்டு என் மனைவி பிலோமினா நின்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சோக்குப் பிடித்த கை. கட்டையின் மேல் ஒரு காலை ஊன்றி, கோடாலிப் பிடியை இரண்டு கையாலும் பற்றி அசைத்து அசைத்து இழுத்தாள்.

நான் கதவோரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் வாளியைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

உட்கார்ந்திருந்தவன் சும்மா இருந்திருக்கலாம். "நேரா இழுக்காத, கொஞ்சம் சாய்ச்சு இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவள் சாய்த்து இழுத்தாள். கோடாலி ஒரே உலுக்கில் கழன்று வந்தது. வந்த வேகத்தில் அதன் பின்பக்கம் அவளுடைய முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேலேயே அடித்தது.

சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை. மெல்லக் கட்டையின் மேல் உட்கார்ந்து, காலைப் பிடித்துக்கொண்டு, கோடாலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத நீங்க எனக்கு வாங்குனீங்களா, ஒங்களுக்கு வாங்குனீங்களா?"

சிவப்புப் பிடி

கேஸ் சிலிண்டர் கிடைக்காமல் நாடே தெருவில் நின்ற நாட்கள் அவை. எங்கள் வெற்றுச் சிலிண்டரும் பதினொரு நாள் வரிசையில் கிடந்துவிட்டு வெறுமையாகவே வீடு திரும்பியது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஆகவே பழைய அடுப்பைத் துடைத்து வைத்தோம். விறகு விற்கிறவர் டிராக்டரில் வந்து, ஆள் இடுப்பளவு தடிமனான யூகலிப்டஸ் கட்டைகளை வாசலில் உருட்டிவிட்டுப் போனார். பிளந்து தர அவருக்கு ஆள் இல்லை. ஊரில் யாருக்கும் ஆள் இல்லை.

கோடாலி வாங்க நான்தான் கடைத்தெருவுக்குப் போனேன். பிலோமினா வருகிறேன் என்றாள். "ஒனக்கு என்ன தெரியும்? இருபத்தாறு வருஷம் தோட்டத்துக்கே கோடாலி குடுத்தவன் நான்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கடையில் இருந்ததிலேயே பெரியதை எடுத்தேன். நாலரை ராத்தல், இரண்டு கிலோ வரும். அகலமான, மெல்லிய வாய். சிவப்புச் சாயம் பூசிய பிடி. கடைக்காரர் முன்னால் அதை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டவும் செய்தேன். நெஞ்சில் சுருக்கென்றது. அதை வீட்டில் சொல்லவில்லை.

அதனால்தான் அவள் கேட்ட கேள்வி எனக்குச் சரியாகப் பட வேண்டிய இடத்தில் பட்டது. அந்தக் கோடாலியை நான் எனக்குத்தான் வாங்கியிருந்தேன். இனி ஒருபோதும் கோடாலி வீச முடியாத எனக்கு.

வெந்நீர் வைத்து அவள் காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். வீக்கம் கோழிமுட்டை அளவுக்கு எழும்பி, ஓரங்கள் நீலம் பாரித்திருந்தன. துணியைப் பிழிந்து பிழிந்து வைக்கும்போது, ஏனென்று தெரியவில்லை, இன்னொரு காலின் ஞாபகம் வந்தது. வெள்ளைத் துணி சுற்றிய கால். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்ற கால்.

அதுவரை அவளிடம் சொல்லாத ஒன்றை அன்று சொன்னேன்.

கம்பி ஜன்னலுக்கு வெளியே

பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் தேயிலைத் தோட்டத்து நாட்களை சொல்லும்போதெல்லாம் என்னை நல்லவனாகவே காட்டிவருகிறேன் என்று பிலோமினாவுக்கு ஒரு குறை உண்டு. இந்த வாரம் அந்தக் குறை தீரட்டும்.

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் சாமான் கிளாக்கராக இருந்தேன். மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, மருந்துத் தெளிக்கும் இயந்திரம், கயிறு, கூடை எல்லாம் என் பொறுப்பு. சாமான் அறைக்குக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். நான் உள்ளே, கேட்கிறவர்கள் வெளியே. அந்த அறையில் எப்போதும் மண்ணெண்ணெயும் சணல் சாக்கும் கலந்த ஒரு வாடை இருக்கும். இன்றைக்கும் ஹார்ட்வேர் கடைக்குள் கால் வைத்தால் அந்த வாடையில் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட உத்தியோகம் அது.

மழைக்காலத்துக்கு முன் நிழல்மரங்களை வெட்டினால், கட்டைகளைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு விறகாகக் கொடுப்பது வழக்கம். சாதாரண நாட்களில் மிலாறு போதும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதை முழங்காலில் வைத்தே முறிக்கலாம். பெரிய கட்டைக்குத்தான் கோடாலி வேண்டும். லயத்துக்கு ஒரு கோடாலி இரவலாகக் கொடுப்போம். எல்லாம் ஒரே எடை, நாலரை ராத்தல்.

ஒருநாள் பாக்கியம் என்ற பெண் வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. குள்ளமான ஒல்லி உடம்பு. புருஷன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் அவளும் கைக்குழந்தையும் மட்டும்.

"ஐயா, இந்தக் கோடாலி கைக்கு அடங்க மாட்டேங்குது. சின்னதா ஒன்னு இருந்தா குடுங்கய்யா."

அவளுக்குப் பின்னால் ஐந்தாறு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். நான் அவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "கோடாலின்னா கோடாலிதான். ஆம்பளைக்கு ஒன்னு, பொம்பளைக்கு ஒன்னுன்னு செஞ்சு அனுப்புறதுக்கு இது என்ன செருப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெரிய கோடாலியையே தோளில் வைத்துக்கொண்டு போனாள்.

ஆனால் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்று சின்னக் கோடாலிகள் இருந்தன. துரை பங்களாவின் பூந்தோட்டத்துக்கென்று வந்தவை. பங்களாவிலிருந்து யாரும் அவற்றைக் கேட்டதில்லை. காகிதம்கூடப் பிரிக்காமல் அங்கேயே கிடந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்கப் போவதில்லை.

இரண்டு வாரத்தில் அந்தப் பெரிய கோடாலி கணுவில் பட்டு வழுக்கி, பாக்கியத்தின் இடது கால் பெருவிரலையும் அடுத்த விரலையும் வெட்டிவிட்டது. பசறை ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். பெருவிரல் நின்றது, மற்றது போய்விட்டது. ஒரு மாதம் கழித்து அவள் துணி சுற்றிய காலோடு கொழுந்து நிறுக்க வந்தபோது நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஏதோ வேலை இருக்கிறவன்போல அறைக்குள் போய்விட்டேன்.

நான் சொல்லி முடித்ததும் பிலோமினா ஒத்தடத் துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கு?"

"அங்கதான். அதே லயத்துல."

"சரி. வீக்கம் வத்தட்டும். போவோம்."

"போயி?"

"எப்படிக் கோடாலி வாங்குறதுன்னு அவகிட்ட கேப்போம். ஒங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

பசறைக்குப் போன பயணம்

டீசல் இல்லாததால் பஸ்கள் குறைந்திருந்த காலம். ஒரு மணி நேரம் நின்று ஏறினோம். பஸ்ஸுக்குள் மூச்சுவிட இடமில்லை. வளைவுகளில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிமிர்ந்தோம். நமுனுகுல மலை முழுக்கப் பனி மூடியிருந்தது. பிலோமினா என் சிவப்புப் பிடிக் கோடாலியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அதை ஏன் கொண்டுவருகிறாள் என்று நான் கேட்கவில்லை.

பஸ் இறங்கி ஏற்றத்தில் ஒரு மைல் நடை. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். கால் வீங்கியவள் நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

பாக்கியம் லயத்துக்கு முன்னால் லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கிளாக்கரய்யாவா? ஐயோ, என்னங்கய்யா இப்படி மெலிஞ்சிட்டீங்க? இது டீச்சரம்மாவா? உள்ள வாங்க, உள்ள வாங்க."

அந்தக் காலத்தில் அவளை நான் 'நீ' என்றுதான் பேசுவேன். அன்று வாயில் 'நீ' வரவில்லை, 'நீங்க'வும் சட்டென்று வரவில்லை. "சௌக்கியமா" என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன்.

பால் விடாத பிளேன்டீயும் கடித்துக்கொள்ள ஒரு துண்டுச் சர்க்கரையும் வந்தன. மகள் கல்யாணமாகி வெலிமடையில் இருக்கிறாளாம். புருஷன் கொழும்பிலிருந்து திரும்பவே இல்லை. அதை அவள் பஸ் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள்.

பிலோமினா சுற்றி வளைக்கவில்லை. சாக்கைப் பிரித்துக் கோடாலியை எடுத்து வைத்தாள். சேலையை ஒரு பக்கம் தூக்கிக் காலைக் காட்டினாள்.

பாக்கியம் முதலில் காலைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கோடாலியின் வாயில் பெருவிரலை வைத்துத் தடவினாள்.

"இது மரம் சாய்க்கிற கோடாலிங்கம்மா. வாய் மெல்லிசு. நிக்கிற மரத்த வெட்டுறதுக்குத்தான் இது லாயக்கு. கட்டையில போட்டா உள்ள போயி ஒக்காந்துக்கும், வராது. பொளக்குறதுக்குக் கன்னம் பருத்து இருக்கணும். வாய் உள்ள போனதும் கன்னம் ரெண்டு பக்கமும் தள்ளி விட்டுறணும்."

இருபத்தாறு வருஷம் கோடாலி கொடுத்தவன் கதிரையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்துபோய்த் தன் கோடாலியைக் கொண்டுவந்தாள். பார்க்க ஒன்றுமில்லாத சாமான். பழுப்பேறிய சின்னத் தலை. கொய்யா மரப் பிடி, கை பட்டுப் பட்டு மெருகேறியிருந்தது.

"கால் ஆறுனதுக்கப்புறம் பசறைக் கொல்லன்கிட்ட போனேன். தீட்டித் தீட்டித் தேஞ்சுபோயி ஒருத்தரும் வேணாம்னு மூலையில போட்ட தலை ஒன்னு கெடந்துச்சு. தூக்கிப் பாத்தேன். கைக்கு வந்துச்சு. தேயத் தேய எடையும் கொறஞ்சிருந்துச்சு, வாயும் தடிச்சிருந்துச்சு. பொளக்க அதுதாங்கம்மா தோது. கொல்லன் சிரிச்சாரு. இன்னைக்கு வரைக்கும் இதுதான்."

பிலோமினா அதைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

வெளியே கூட்டிப்போய்ப் பாக்கியம் ஒரு கட்டையை நிறுத்தினாள். நடுவில் அடிக்கக் கூடாது, ஓரத்திலிருந்து சீவிக்கொண்டே வர வேண்டும் என்றாள். கணு இருக்கிற பக்கம் கீழே போக வேண்டும். வீசும்போது கால் இரண்டையும் அகட்டி வைக்க வேண்டும். தப்பினால் கோடாலி இரண்டு காலுக்கும் நடுவே மண்ணில் விழ வேண்டும். இதைச் சொல்லும்போது தன் இடது காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பிலோமினா வீசினாள். ஒரு சிராய் தெறித்து விழுந்தது. அடுத்த வீச்சில் இன்னொன்று. எட்டாவதோ ஒன்பதாவதோ அடியில் கட்டை டக்கென்று இரண்டாகத் திறந்துகொண்டது. உள்ளே மரம் ஈரமாக, ரோஸ் நிறமாக இருந்தது.

"பொளந்துருச்சு!" என்றாள் என் மனைவி. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள், அந்தப் பிள்ளைகளில் ஒருத்திபோல.

பாதையில்

பாக்கியம் எங்களோடு பசறைக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். பாதையில் பிலோமினா கொஞ்சம் முன்னால் நடந்தாள். வேண்டுமென்றே முன்னால் நடந்தாள் என்று நினைக்கிறேன்.

நான் நின்றேன்.

"பாக்கியம், அன்னைக்குச் சாமான் அறையில சின்னக் கோடாலி மூணு இருந்துச்சு. வச்சுக்கிட்டேதான் குடுக்காம அனுப்புனேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியுங்கய்யா."

"தெரியுமா?"

"கம்பி வழியாப் பாத்தேனே. கீழ்த்தட்டுல காகிதம் சுத்தி இருந்துச்சு. பாத்ததுனாலதான் கேட்டேன்."

அந்த வரிசை, அந்தச் சிரிப்பு, அவள் சேர்ந்து சிரித்தது எல்லாம் வேறு மாதிரித் திரும்பி வந்தன. இவ்வளவு வருஷமும் அவளுக்குத் தெரியாது என்ற ஒரு தைரியத்தில்தான் நான் இருந்திருக்கிறேன்.

"மன்னிச்சிருங்க" என்றேன். 'நீங்க' வந்துவிட்டது.

அவள் ஓரத்துத் தேயிலைச் செடியில் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கினாள்.

"மறந்துட்டேன்னு சொன்னா அது பொய்யிங்கய்யா. மழை வந்தா இன்னைக்கும் காலு நோவுது. அப்பல்லாம் ஒங்க ஞாபகம் வரும்." கசக்கிய இலையை எறிந்தாள். "நீங்க வந்து சொன்னது நல்லது. நடங்க, கடை சாத்திருவாங்க."

அதற்குமேல் அவள் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைக்காரர் வழக்கப்படி என்னைப் பார்த்துத்தான் "என்னங்க வேணும்?" என்றார். "அவங்களக் கேளுங்க" என்றேன். பாக்கியம் சாயம் பூசிய பிடிகளை எல்லாம் ஒதுக்கினாள். சாயத்துக்குக் கீழே கணு இருந்தால் தெரியாதாம். சாயமில்லாத பிடியைக் கண்ணோடு வைத்து நீளவாட்டில் பார்த்தாள். மரத்தின் ரேகை முனையிலிருந்து முனைவரை ஓடுகிறதா என்று பார்க்கிறாள் என்று பிலோமினா எனக்கு விளக்கினாள். இரண்டரை ராத்தலில் கன்னம் பருத்த ஒன்றையும், முறுக்கு மரத்துக்கு ஓர் இரும்பு ஆப்பையும் தேர்ந்தெடுத்தார்கள். என் சிவப்புப் பிடியைக் கடைக்காரர் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றார். அதைப் பாக்கியத்தின் லயத்து ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். மரக்கொப்பு வெட்ட உதவுமாம்.

ஒரு கடிதம்

பிரியும்போது பாக்கியம் ஒன்று கேட்டாள்.

"எங்க லயத்துல பதினோரு வீடு. இப்ப எல்லா வீட்டுலயும் விறகுதான். நல்ல கோடாலி என்னோடது ஒன்னுதான், காலையிலயிருந்து கை மாறிக்கிட்டே இருக்கு. தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்களேன். ஒங்களுக்குத்தான் அந்தப் பாஷை தெரியும்."

அந்த வாரமே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வாசிக்கச் சொன்னாள். 'பெண்கள் பயன்படுத்தக்கூடிய இலகுவான கோடாலிகள்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்புடிப் போடாதீங்கய்யா. பல எடையிலன்னு போடுங்க. பொம்பள எல்லாம் ஒரே அளவா?"

அடித்துத் திருத்தினேன். பதினொரு கோடாலி கேட்டோம். ஒன்றரை மாதம் கழித்து ஆறு வந்தன. நாலு சின்னது. இரண்டு, பழைய இருப்பிலிருந்து எடுத்த நாலரை ராத்தல்.

கொடுக்கிற நாளில் பாக்கியம் சொல்லி அனுப்பியதால் நானும் போயிருந்தேன். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒரு சாக்கை விரித்து ஆறையும் வரிசையாக வைத்திருந்தாள். இரண்டு வீட்டுக்கு ஒன்று என்று முதல்நாளே அவர்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். இப்போதைய கிளாக்கர், நாற்பது வயது மதிக்கத்தக்கவர், பெயரைக் கூப்பிட்டுக் கையில் கிடைத்ததை எடுத்து நீட்டப் போனார்.

"இருங்கய்யா, தூக்கிப் பாக்கட்டும்" என்றாள் பாக்கியம்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி தூக்கிவிட்டு வைத்தாள். ஒருத்தி நாலையும் மாற்றி மாற்றித் தூக்கி, பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னாள். சிரிப்பு, வாக்குவாதம், "அது என்னோடது, வையி கீழ". கிளாக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, பழைய ஆள் என்பதால், என்னைப் பார்த்தார்.

"கோடாலின்னா கோடாலிதானே சார்" என்றார் மெதுவாக.

"இல்ல தம்பி" என்றேன். "நேரமாகட்டும். பாக்கட்டும்."

சின்னவை நாலும் போய்விட்டன. பெரியவை இரண்டும் சாக்கில் கிடந்தன. கடைசியாக லூர்துமேரி என்ற பெண் வந்தாள். நல்ல உயரம், அகன்ற தோள், கையில் இன்னும் கொழுந்துக் கறை. பாவம், அவளுக்கு மிச்சம்தான் கிடைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. யாராவது விட்டுக்கொடுங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் நாலரை ராத்தலை ஒரே மூச்சில் தலைக்குமேல் தூக்கி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள்.

"எனக்கு இதுதாங்க சரி. அந்தச் சின்னதெல்லாம் கரண்டி புடிக்கிற மாதிரி இருக்கு."

களம் முழுக்கச் சிரித்தது. பாக்கியமும் சிரித்தாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.